தரை படாத சப்பாத்து

1

இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருடம் முடிந்த அன்று என் கணவர் குமாரை ஓர் அரசாங்க அலுவலகத்தின் வாசலில் நிறுத்திவிட்டார்கள். விசா புதுப்பிக்கப் போயிருந்தோம். காகிதமெல்லாம் சரியாக இருந்தது. காலில் ரப்பர் செருப்பு இருந்தது. அதுதான் குற்றம்.

வாசலில் படம் போட்டே மாட்டியிருக்கிறார்கள். அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை, செருப்பு, ஒவ்வொன்றின் மேலும் சிவப்பில் குறுக்குக் கோடு. காவலாளி முதலில் படத்தைக் காட்டினார். பிறகு குமாரின் காலைக் காட்டினார்.

"இன்னா குமாரு இது? காலையிலயே சொன்னேன்ல, ஷூ போடுன்னு?" என்று அங்கேயே கத்தினேன்.

"ஆபீஸுக்கே இதுலதானே போறேன்" என்றார்.

அது உண்மைதான். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து அவர் அலுவலகம் நடந்து போகும் தூரம். அங்கே எல்லோரும் செருப்பில் வருவார்கள். நல்ல ஷூ மேசைக்கு அடியில் கிடக்கும். பெரிய அதிகாரி வந்தால் மாட்டிக்கொள்வார்கள். இவர் அதையும் செய்வதில்லை.

உள்ளே வேலை முடித்து வெளியே வந்த ஒரு பையன் நின்று எங்களைப் பார்த்தான். தொழிற்சாலை வேலைக்கு வந்தவன் போல இருந்தான். பேச்சு ராமநாதபுரம் பக்கம்.

"அண்ணே, என்ன சைஸு?"

"எட்டு."

"எனக்கு ஒம்போது. பரவால்ல, போட்டுட்டுப் போங்க. நான் இங்கன டீ குடிச்சிக்கிட்டு இருக்கேன்."

அங்கேயே ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு குமாரின் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டான். நாங்கள் வேலை முடித்துத் திரும்பியபோது அவன் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் செருப்புக் காலோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் உள்ளூர்க்காரர். குமாரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"பாஸ், கழட்டுங்க, கழட்டுங்க. அடுத்து நாந்தான்."

அந்த ஒரு ஜோடி அன்றைக்கு எத்தனை பேரை உள்ளே கூட்டிக்கொண்டு போனதோ, தெரியாது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் குமாரைத் திட்டினேன். அவர் வழியெல்லாம் சிரித்தார்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த ஊரின் கால் விஷயம் கொஞ்சம் விளக்க வேண்டும்.

இங்கே யாரும் வீட்டுக்குள் செருப்புப் போட மாட்டார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர், எல்லா வீட்டு வாசலிலும் செருப்பு அலமாரி. சில கிளினிக்கிலும் சின்னக் கம்பெனிகளிலும்கூட வாசலில்தான் கழற்ற வேண்டும். வெளியே போனால் ரப்பர் செருப்பு. நான் வேலை செய்யும் கம்பெனியின் முதலாளி சீனக் கிழவர். துறைமுகப் பக்கம் அவருக்கு எத்தனை லாரி ஓடுகிறது என்று அவருக்கே தெரியாது. அவர் காலில் இருப்பது தேய்ந்த நீலச் செருப்பு. அவரிடம் வேலை கேட்டு வருபவன் பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு வருவான்.

எனக்கு வேலை கிள்ளானில். கன்டெய்னர் லாரிகள் நிற்கும் பெரிய யார்டு. நான் பாதுகாப்புப் பிரிவு. வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், யார் காலில் சப்பாத்து இல்லை, யார் தலையில் தொப்பி இல்லை என்று பார்த்துக் கத்துவது. கத்துவதற்குச் சம்பளம் கொடுக்கும் வேலை எனக்கு எங்கே கிடைக்கும்? சந்தோஷமாகத்தான் செய்கிறேன்.

ஷூவை இங்கே நம் ஆட்கள் சப்பாத்து என்பார்கள். எனக்கும் அதுவே பழகிவிட்டது. ஊருக்குப் போன் செய்யும்போது வாய் தவறி வந்துவிட்டால் தங்கச்சி கேலி செய்கிறாள்.

காலையில் இரும்பு வைத்த சப்பாத்தை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்புவேன். வழியில் பூ கட்டும் அக்கா தினமும் ஒரே வார்த்தைதான் சொல்வார். "வழி விடுங்க லா, போலீஸ்காரம்மா போறாங்க." பேச்சுக்குப் பேச்சு ஒரு "லா" சேர்ப்பது இந்த ஊர் வழக்கம்.

3

நான் ஆம்பூர்க்காரி. அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தார். வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் அம்மா தைத்த ஷூவைத்தான் போடுகிறார்கள் என்று சின்ன வயதில் நம்பினேன். காலையில் கம்பெனி பஸ் வந்து தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். மாலையில் திரும்பும்போது அம்மாவின் விரல்களில் பசை வாசனை அடிக்கும். காலில் ரப்பர் செருப்பு. வார் அறுந்தால் ஊக்கு குத்திக்கொள்வார்.

அப்பாவின் ஊர் ஆம்பூருக்கு வெளியே. அவர் பையனாக இருந்தபோது அங்கே ஒரு தெருவில் எங்கள் ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அதற்குப் படம் போட்டு மாட்டவில்லை. எல்லோருக்கும் தெரியும். வேலைக்குப் போனதும் அப்பா ஒரு ஜோடி ஷூ வாங்கி, அந்தத் தெருவில் சத்தம் வர நடந்தார். அடித்தார்கள். உதடு வீக்கம் வடிந்ததும் மறுபடி நடந்தார். இதைச் சொல்லும்போது அப்பா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அதனால் வெறுங்காலைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். என் மகள் யாழினி லிப்டில் வெறுங்காலோடு இறங்கி, கீழே கடையில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வருவாள். இங்கே அது யாருக்கும் பெரிய விஷயமில்லை. நான் கத்துவேன். "ரிலாக்ஸ் லா அம்மா, தரை கிளீனா இருக்கு" என்பாள். தாத்தாவின் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "அப்ப ரோடு அவங்களோடதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்புறம் ஏன்?" என்றாள். அவளுக்கு அது புரியாத நாட்டில் அவள் வளர்கிறாள். நல்லதுதான் என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது.

4

யார்டில் எனக்குப் பெரிய தலைவலியாக இருந்தவர் பாலன் அண்ணன். கேரி தீவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். நல்ல ஓட்டுநர். ஒரு கீறல் இல்லாத வண்டி. அவர் வெறுங்காலோடுதான் ஓட்டுவார்.

சரக்கு அனுப்பும் கம்பெனிக்காரர்கள் புது விதி கொண்டுவந்தார்கள். கேட்டுக்குள் வரும் ஓட்டுநர் வண்டிக்குள்ளும் மூடிய சப்பாத்துப் போட்டிருக்க வேண்டும். இரண்டு எச்சரிக்கை. மூன்றாவது முறை பிடிபட்டால் யார்டுக்குள் வர முடியாது. யார்டுக்குள் வர முடியாதவனுக்கு லாரி எதற்கு? வேலை போச்சு.

முதல் முறை நான் அவர் கதவைத் தட்டியபோது அவர் தே தாரேக் என்கிற நுரை பொங்க ஆற்றிய டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சப்பாத்து எங்க?"

"கீழ இருக்கு மேடம். படிகிட்ட."

"கீழ எதுக்கு? கால்லதானே இருக்கணும்?"

"வண்டிக்குள்ள எப்படி மேடம்? சாமி இருக்குல்ல."

எட்டிப் பார்த்தேன். முன்னால் நடுவில் முருகன். பக்கத்தில் முனியாண்டி. வெள்ளிக்கிழமை போட்ட பூ. தரையில் வீட்டு ஹாலில் போடுவது போல விரிப்பு. என் வீட்டை விடச் சுத்தம்.

"நீங்க சப்பாத்தோட கோயிலுக்குள்ள போவீங்களா மேடம்?"

"கோயில் ஹைவேல ஓடாதுண்ணே. ஈரக் கால் பிரேக்குல வழுக்குச்சுன்னா சாமியா வந்து மிதிக்கும்?"

பக்கத்து லாரியில் இருந்தவர்கள் கையைத் தட்டினார்கள். "பாலா, பாத்து லா! ஊர்க்கார மேடம் முனியாண்டிக்கே சம்மான் போட்டுருவாங்க!"

தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்களை இவர்கள் ஊர்க்காரங்க என்றுதான் சொல்வார்கள். சம்மான் என்றால் அபராதச் சீட்டு. நானும் சிரித்துவிட்டு முதல் எச்சரிக்கையை எழுதினேன்.

இரண்டாவதும் எழுதினேன். அப்போது அவர் சண்டை போடவில்லை. "எழுதுங்க மேடம். உங்க வேல அது" என்றார். அதைக் கேட்டு எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. திருப்பித் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்பாவைக் கழற்றச் சொன்னவன் எதிரில் கட்டையோடு நின்றான். இவரைக் கழற்றச் சொல்ல யாருமில்லை. யாருக்கும் பயப்படாமல், தானே விரும்பிக் கழற்றுகிறார். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த வெறுங்காலைப் பார்க்கும்போது என் கை பேனாவைத் தேடும்.

5

மூன்றாவதை எழுதத்தான் அன்று போனேன். காலையில் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. பாலன் அண்ணன் வண்டிக்குள் உட்கார்ந்து பிரேக்குக்குப் பக்கத்தில் தரையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஏறுவதற்குக் கம்பியைப் பிடித்தேன். படியில் காலடி பதிந்திருந்தது. சிவப்பாக.

"அண்ணே, கால காட்டுங்க."

"எதுக்கு மேடம்?"

"காட்டுங்கன்னா காட்டுங்க."

"வேணாம் மேடம். பொம்பளப் புள்ள மூஞ்சிக்கு நேரா கால நீட்டுறதா? பாவம் லா."

"நீட்டுங்கன்றேன்ல!" என்று நான் போட்ட சத்தத்தில் காவல் அறையிலிருந்து ஆள் வந்துவிட்டார்.

இடது காலைத் தயங்கித் தயங்கி நீட்டினார். குதிகாலுக்கு முன்னால், உள்ளங்காலின் நடுவில், சரக்குப் பெட்டியைக் கட்டும் இரும்புப் பட்டையின் துண்டு ஏறியிருந்தது. சுற்றிலும் வீங்கிக் கறுத்திருந்தது. இன்றைக்குக் குத்தியது இல்லை அது.

"எப்பண்ணே குத்துச்சு?"

அவர் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

"தெரியலையே மேடம். பின்னால கன்டெய்னர் பூட்டு சரியா விழுந்திருக்கான்னு பாக்க ஒரு நிமிசம் வெறுங்கால்லயே எறங்குவேன். அப்ப இருக்கும். வலிக்கலையே."

சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எங்கண்ணனும் வலிக்கலன்னுதான் மேடம் சொன்னாரு. மொதல்ல வெரல எடுத்தாங்க. அப்புறம் பாதம். அப்புறம் முட்டிக்குக் கீழ. இப்ப வீட்டு வாசல்ல நாற்காலியில உக்காந்திருக்காரு. அவரும் லோரிதான் ஓட்டுனாரு."

"உங்களுக்கும் சர்க்கரை இருக்கா?"

"இனிப்பு நீர்தானே? இருக்கு. மாத்திரை இருக்கு." மாத்திரை இருக்கிறது என்றார். சாப்பிடுகிறேன் என்று சொல்லவில்லை.

மூன்றாவது எச்சரிக்கையை எழுதாமல், கம்பெனி வண்டியில் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. போகும் வழியில் எனக்குள் நானே சண்டை போட்டேன். சப்பாத்துப் போட்டிருந்தால் இந்த இரும்பு ஏறியிருக்காது. ஏறிய பிறகு போட்டிருந்தால், காலுறைக்குள் அழுகியிருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

டாக்டரம்மா இரும்பை எடுத்துக் கழுவிய பிறகு அவரைக் கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழை ஒன்றை வைத்து இரண்டு பாதத்தையும் அங்கங்கே தொட்டார். "தொடும்போது சொல்லுங்க" என்றார்.

வலது காலில் தொட்டார். "ஆங், இங்க. இங்க. இங்கயும்" என்றார் பாலன் அண்ணன். பிரேக்கை மிதிக்கும் கால் அது. அது போயிருந்தால் லைசென்ஸும் போயிருக்கும்.

இடது காலில் தொட்டார். குதிகால். நடுப்பாதம். கட்டை விரல். சுண்டு விரல். பாலன் அண்ணன் கண்ணை மூடியபடி காத்திருந்தார். "எப்ப மேடம் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். டாக்டரம்மா அதற்குள் முடித்துவிட்டார்.

புண் எலும்புக்குப் போகவில்லை. காலைக் காப்பாற்றலாம் என்றார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும். வண்டி ஆட்டோ கியர் என்பதால் புண் ஆறியதும் ஓட்டலாம், ஆனால் இனி வெறுங்கால் கூடவே கூடாது.

"வீட்டுக்குள்ளயுமா டாக்டர்?"

"வீட்டுக்குள்ளயும்."

"லோரிக்குள்ள?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "அது எங்க சண்ட டாக்டர், நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

6

வார்டில் படுத்துக்கொண்டு அவர் சொன்ன பதில் இது. "அப்ப ஓட்டல மேடம். விட்டுடறேன். முனியாண்டி இத்தன வருசம் காப்பாத்திக் குடுத்திருக்காரு. அவரு மூஞ்சிக்கு முன்னால சப்பாத்து வெக்க மாட்டேன்."

"கால் போனா அவரு திருப்பித் தருவாரா?" என்று கத்தினேன். தாதி வந்து என்னைத்தான் திட்டினார். பாலன் அண்ணனின் மனைவி லெட்சுமி அக்கா பக்கத்தில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். "திட்டுங்க மேடம், நல்லா திட்டுங்க. எனக்குத் திட்டித் திட்டித் தொண்ட போச்சு" என்றார்.

லாரியை விட்டுவிட்டால் அந்த மனிதர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாழினியை செராஸில் பேட்மின்டன் ஆடக் கூட்டிப்போனேன். அவள் காலில் செருப்பு. கையில் பை. பைக்குள் நான் வாங்கிக் கொடுத்த புது ஷூ.

"ஷூவ பைக்குள்ள வெச்சிக்கினு செருப்புல வரியே, இன்னாடி பழக்கம் இது?"

"அம்மா, இது கோர்ட் ஷூ லா. ரோட்ல போட்டா கோச் உள்ளயே விடமாட்டாரு. தரை வீணாப் போயிடும்."

கூடத்தின் வாசலில் நின்று பார்த்தேன். சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், நம் பிள்ளைகள் எல்லோரும் செருப்பை வெளியே விட்டார்கள். வாசல் படியில் உட்கார்ந்து பையிலிருந்து ஷூவை எடுத்து மாட்டினார்கள். கால் வெளித்தரையில் படாமல் அப்படியே திரும்பி உள்ளே வைத்தார்கள். கோயிலுக்குள் போவது போலப் போனார்கள், ஷூ போட்டுக்கொண்டு.

ஆட்டம் முடியும் வரை எனக்குப் பொறுக்கவில்லை. அங்கிருந்தே பாலன் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.

"தரையே படாதா மேடம்?"

"படாது. வண்டிக்குள்ள மாட்டி வண்டிக்குள்ளயே கழட்டணும்."

"கக்கூஸுக்குப் போனா?"

"அதுக்குத்தான் கீழ இருக்கிற சப்பாத்து."

"கடையில எவனாச்சும் போட்டுப் பாத்திருந்தா?"

"பெட்டி பிரிக்காத ஜோடி வாங்கறேண்ணே."

"தோலா மேடம்?"

இதை நான் யோசிக்கவில்லை. "துணி" என்றேன். ஆம்பூர்க்காரி தோல் இல்லாத ஷூ தேடி கிள்ளானில் கடை கடையாக அலைந்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "தோலுக்கு இன்னாடி கொறச்சல்?" என்று அரைமணி நேரம் சண்டை.

இதெல்லாம் முடிந்தும் அவர் சரி என்று சொல்லவில்லை. கோயிலில் பூக் கேட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சம்மதம். மறுநாள் லெட்சுமி அக்கா போனில் கத்தினார். "வெள்ள, மேடம்! வெள்ள!"

சிவப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? நானே கோயிலுக்குப் போய் முனியாண்டியிடம் சண்டை போட்டிருப்பேன். அபராதம்கூட எழுதியிருப்பேன்.

7

புண் ஆறி, டாக்டரம்மா கடிதம் கொடுத்து, அவர் திரும்பி வந்த காலையில் நான் காவல் அறைக்குப் பக்கத்தில் நின்றேன். வேலை இருப்பது போலக் கையில் ஒரு பலகையை வைத்துக்கொண்டேன்.

பாலன் அண்ணன் வண்டிப் படியேறி, இருக்கையில் வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். பழைய சப்பாத்தைக் கழற்றிப் பக்கவாட்டுப் பெட்டியில் போட்டார். பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். புதுத் துணிச் சப்பாத்து முருகனுக்குக் கீழே காத்திருந்தது. முனையில் குங்குமம் வைத்திருந்தார்கள். எந்த ஊரிலும் நான் சப்பாத்துக்குக் குங்குமம் பார்த்ததில்லை. மாட்டிக்கொண்டு காலை உள்ளே எடுத்தார். மற்ற ஓட்டுநர்கள் ஹாரன் அடித்தார்கள். "மாப்பிள்ள வண்டி ஏறிட்டாரு லா!"

வண்டி கிளம்பியது. கேட்டுக்கு வந்தது. நின்றுவிட்டது.

நான் ஓடினேன். மனசு கேட்காமல் கழற்றிவிட்டார் என்று நினைத்தேன். திட்டுவதற்கு வார்த்தையெல்லாம் சேர்த்துக்கொண்டேதான் ஓடினேன்.

"இன்னாண்ணே? இன்னா ஆச்சு?"

கதவைத் திறந்தார். சப்பாத்து காலில்தான் இருந்தது. முகம் ஒரு மாதிரி இருந்தது.

"மேடம், கடிக்குது."

"என்ன கடிக்குது?"

"சப்பாத்துதான். இடது கால். சுண்டு வெரல்ல."

டாக்டரம்மா தொட்டபோது எதுவுமே சொல்லாத விரல். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நெஜமாவாண்ணே? நல்லா கடிக்குதா?"

"நல்லாவே கடிக்குது மேடம்." அவர் கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "சைஸு சின்னது மேடம். ஊர்க்காரங்களுக்கு ஒரு சப்பாத்து வாங்கத் தெரியல."

"கழட்டுங்க மொதல்ல! புண்ணாயிடும்! எறங்காதீங்க, காலக் கீழ வெக்காதீங்க, நான் பெரிய சைஸு வாங்கிட்டு வரேன்!"

பின்னால் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. "மேடம், என்ன லா ஜாம்?" என்று யாரோ தலையை நீட்டிக் கேட்டார்.

"பாலன் அண்ணனுக்குக் கால் வலிக்குதாம்! பேசாம இருங்க!" என்று கத்தினேன். இந்த நாட்டில் எவ்வளவோ கத்தியிருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாகக் கத்தியதில்லை.